அல்லிராணி கோட்டையும் மூன்று ஆங்கிலேயரும்

அரிப்புக் கடற்கரை மேட்டில் இடிந்து நிற்கும் அந்தக் கட்டடத்தை எங்கள் பக்கத்தில் அல்லிராணி கோட்டை என்பார்கள். சிறுவயதில் வாப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்துகொண்டுதான் அதை முதலில் பார்த்தேன். "அல்லிராணி குதிரைமலையில் இருந்து ஆட்சி செய்தவள். இந்தக் கடல் முத்தெல்லாம் அவளுக்குத்தான் சொந்தம்" என்றார் வாப்பா. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அரசியொருத்தியின் கோட்டை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதே போதுமாக இருந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் முசலிப் பகுதியை விட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தோம். அகதி வாழ்க்கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்தேன். அப்படியொரு நாளில், இலங்கையைப் பற்றிய பழைய ஆங்கில நூலொன்றில் அந்தக் கட்டடத்தின் சித்திரம் இருந்தது. கீழே அல்லிராணியின் பெயர் இல்லை. ஆங்கிலத் தேசாதிபதி ஒருவருடைய மாளிகை என்றிருந்தது. அன்று தொடங்கிய தேடலில் எங்கள் கரையோடு தொடர்புபட்ட மூன்று ஆங்கிலேயர்களைக் கண்டேன். மூவரும் உலகம் அறிந்தவர்கள். மூவரையும் எங்கள் ஊருக்குத் தெரியாது.

முதலாமவர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்துவதற்காக மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் இறங்கிய இவரும் தகப்பனாரும் மற்றும் சில மாலுமிகளும் 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிக்கினார்கள். அப்போது நொக்ஸுக்கு வயது 19. தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும் சில்லறை வியாபாரம் செய்தும் பத்தொன்பது வருடங்களைக் கழித்தார். பிறகு ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன், ஊர் ஊராகப் பொருள் விற்பவர்போல வடக்கே நடந்தார். அநுராதபுரம் தாண்டி மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள்ளால் வந்தார்கள். அந்த ஆறுதான் எங்களுக்கு அருவியாறு. 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி அவர்கள் கால்வைத்த இடம், அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டை. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இன்றும் அக்காலக் கண்டி இராச்சியத்தை அறிய முதன்மையான ஆதாரம். டானியல் டீபோ 1719இல் எழுதிய 'ரொபின்சன் குரூசோ'வுக்கு நொக்ஸின் கதையும் ஒரு தூண்டுதல் என்று ஆய்வாளர் சொல்வர்.

இரண்டாமவர் பிரெட்ரிக் நோர்த். கரையோர இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி, 1798 முதல் 1805 வரை ஆண்டவர். அவர் பதவியேற்ற 1798இல் முத்துக்குளிப்பு வருமானம் மட்டும் 1 இலட்சத்து 92 ஆயிரம் பவுண். அந்த வருமானத்தின் மீது கண்வைத்தவர், குளிப்பு நடக்கும் காலத்தில் வந்து தங்குவதற்கென்று அரிப்பு மேட்டில் ஒரு மாளிகை கட்டினார். கிரேக்கப் பண்பாட்டில் பைத்தியமாக இருந்த மனிதர் அவர். இளவயதிலேயே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர், பிற்காலத்தில் கோர்பு தீவில் 1824இல் தொடங்கிய அயோனியக் கல்விக்கழகத்தை நிறுவியவர். எனவே அரிப்பு மாளிகைக்கும் கிரேக்கக் கோவில்களின் டோரிக் பாணித் தூண்களே அமைந்தன. அந்த மாளிகைதான் எங்கள் அல்லிராணி கோட்டை!

மூன்றாமவரிடம் போகுமுன் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத் தமிழில் சலாபம் என்றொரு பெயர் உண்டு. சிலாவத்துறையின் பெயரிலேயே அது இருக்கிறது. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் இந்தக் கடலின் முத்துக்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். மாசி, பங்குனியில் கடல் அமரும்போது சலாபம் தொடங்கும். கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். வெறுங்கரை சில நாட்களில் பட்டணமாகும். பள்ளிவாசல், கடைத்தெரு, வைத்தியசாலை, நீதிமன்றம், சிறைக்கூடம் எல்லாம் ஓலைக்கொட்டகைகளில் எழும்பும். இரண்டு மாதத்தில் மறுபடி மணல்தான்.

குளியாள் காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு இறங்குவான். அரபிகள் மூக்குக்குக் கொம்பிலான கவ்வி போடுவார்கள். நம்மவர்கள் கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. அதற்குள் பாரில் கிடக்கும் சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடித்திருப்பவன் கையில்தான் அவன் உயிர். சுறாவைக் கட்டிப்போட மந்திரம் ஓதும் கடற்கட்டி வராமல் எவரும் கடலில் இறங்க மாட்டார்கள். அது பரம்பரை உரிமை. 1859இல் எமர்சன் டெனன்ட் தமது நூலை எழுதியபோது அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். மந்திரத்தின் பலன் ஓதுபவரின் மதத்தில் தங்கியில்லை என்று எல்லோரும் நம்பினார்கள் என்கிறார் டெனன்ட். முஸ்லிமும் கத்தோலிக்கரும் இந்துவும் ஒரே மந்திரத்தை நம்பிக் கடலில் குதித்த கரை இது.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய். அடுத்த வருடம் மரிச்சுக்கட்டிக்குக் கடமைக்கு அனுப்பப்பட்ட இளம் சிவில் உத்தியோகத்தர்தான் மூன்றாமவர்: லெனாட் வுல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ஃபின் கணவர். நம் கிராம வாழ்வை உள்ளிருந்து பார்த்த நாவலை 1913இல் எழுதியவர். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் குளியாட்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். அதில் எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று உத்தியோகத்தர் கைகாட்டுவார். மிஞ்சிய ஒன்றே உயிரைக் கொடுத்தவர்களுக்கு. கைகாட்டும் அந்த வேலையைச் செய்த வுல்ஃப், அந்த அனுபவத்தை வைத்து 1921இல் வெளியிட்ட சிறுகதையில், குளிப்பில் இறந்த அரபி ஒருவனின் உடலைத் தோழர்கள் கண்ணியத்தோடு கரைசேர்ப்பதையும், அதே இரவில் ஒரு வெள்ளையன் பிதற்றிச் சாவதையும் அருகருகே வைத்தார். தன் இனத்தின் ஆணவத்தை அவர் அந்தக் கரையிலேயே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

1906இல் அரசாங்கம் முத்துப்பார்களை வருடம் 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு இருபது வருடக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. கம்பனியும் கலைந்தது. 1908இல் அமெரிக்கரான ஜோர்ஜ் குன்ஸ், சார்ள்ஸ் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து நியூயோர்க்கில் முத்தைப் பற்றிய பெருநூலை வெளியிட்டபோது, அதில் விரிவாக எழுதப்பட்ட எங்கள் சலாபம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. 1925இல் மீண்டும் ஒருமுறை குளித்தார்கள். அதற்குள் யப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் எங்களுக்கு ஆங்கிலேயர் எழுதியதால் கிடைத்தவை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வள்ளம் எத்தனை, சிப்பி எத்தனை, வருமானம் எத்தனை என்று எண்ணி வைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் குளியாள் ஓர் எண் மட்டுமே. நொக்ஸுக்குப் பெயர் உண்டு, நோர்த்துக்கு உண்டு, வுல்ஃபுக்கு உண்டு. அவர்கள் காலத்தில் மூச்சடக்கி இறங்கி மேலே வராமல் போனவனுக்குப் பெயர் இல்லை. எண்ணிய கை அவர்களுடையது. எழுதாமல் விட்ட கை நம்முடையது.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அரிப்புக்குப் போனேன். மேட்டை அலை அரித்துக்கொண்டிருந்தது. சுவர்களில் ஒரு பகுதி சரிந்து கீழே மணலில் கிடந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் "இது என்ன கட்டடம் ஐயா?" என்று தெரியாதவன்போலக் கேட்டேன்.

"அல்லிராணி கோட்டை தம்பி" என்றார்.

முன்பென்றால் திருத்தியிருப்பேன். தேசாதிபதி கட்டிய மாளிகைக்கு, முத்தெல்லாம் தன்னுடையது என்ற ஓர் அரசியின் பெயரை இந்தச் சனங்கள் வைத்து இருநூறு வருடம் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கட்டியவனைத் தெரியாமல் வைத்த பெயரென்று நினைத்திருந்தேன். முத்து யாருடையது என்பதை நன்றாகத் தெரிந்தே வைத்த பெயர் அது.

பதினேழு வருடமும் அதற்கு மேலும் ஊரைப் பிரிந்திருந்த எங்கள் பக்கத்து முதியவர்கள் பலர் புத்தளத்து மையவாடிகளிலேயே அடங்கிவிட்டார்கள். சலாபத்தைப் பற்றித் தம் மூத்தவாப்பாமார் சொன்னதைக் கேட்டவர்கள் அவர்கள். இருக்கிற சிலரிடமாவது போய் உட்கார்ந்து, சம்மாட்டி பெயரையும் பார் பெயரையும் கயிறு பிடித்தவன் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுமாறு நம் இளம் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோட்டையைக் கடல் கொண்டுபோகும். அதற்குமுன் அந்தப் பெயர்கள் கரைசேர வேண்டும்.