பள்ளிக் கணிப்பொறியும் இந்திய எழுத்துகளும்: சந்திக்காத இரு முயற்சிகள்

இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி நுழைந்த வரலாற்றை ஆராயும்போது, கருவிகள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை என்பவற்றோடு, அக்கல்வி எம்மொழியில் மாணவரை அடைந்தது என்பதும் கருதத்தக்கது.

நடுவண் அரசின் மின்னணுவியல் துறை 1983இல் இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை ஒன்றை வெளியிட்டது. 1986இல் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும், 1991இல் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணுடைய 'இஸ்கி' தரமும் அதன் வழியே உருப்பெற்றன. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்து முறைகளில் ஒத்த ஒலிக்கு ஒரே குறியெண் வழங்குவது இத்தரத்தின் அடிப்படை நெறியாகும்.

1984-85இல் அதே துறை, கல்வி அமைச்சகத்துடன் இணைந்து 'கிளாஸ்' என்னும் கணிப்பொறி அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 250 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கு வழங்கப்பட்ட கருவி, பிரித்தானியாவின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த 'பி.பி.சி. மைக்ரோ' ஆகும்.

அக்கருவி பிரித்தானிய வகுப்பறையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. அதன் நினைவகம் 32 கிலோபைட். உரோமன் எழுத்துகள் அதனுள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. புதிய எழுத்துகளைப் பயன்படுத்துவோரே வரைந்து சேர்க்கலாம். ஆயினும் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துள் அடங்க வேண்டும். உரோமன் எழுத்துக்குப் போதிய அக்கட்டம், 'ணை' போன்ற தமிழ் வடிவத்துக்கோ தேவநாகரிக் கூட்டெழுத்துக்கோ போதாது.

சொல்லளவிலும் இடைவெளி இருந்தது. 'பேசிக்' நிரல்மொழியின் 'பிரிண்ட்', 'இஃப்', 'கோடூ' முதலிய கட்டளைகள் ஆங்கிலச் சிறுவனுக்கு வீட்டு வழக்குச் சொற்கள்; அவை அவனுக்குத் தெரிந்த பொருளிலிருந்தே கலைச்சொற்களாயின. தாய்மொழி வழிப் பயின்ற இந்திய மாணவனுக்கோ சொல்லும் புதிது, கருத்தும் புதிது.

இஸ்கியை நடைமுறைக்குக் கொண்டுவந்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, 1988 முதல் புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்தது. ஆனால் ஜிஸ்ட் அட்டை ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளுக்கு உரியது, பி.பி.சி. மைக்ரோவில் அதனைப் பொருத்த இடமில்லை. எனவே ஒரே துறையின் இரு முயற்சிகளைப் பிரித்து வைத்த காரணங்களுள் கருவித் தேர்வும் ஒன்றெனக் கொள்ளலாம். பின்னர்ப் பள்ளிகள் ஐ.பி.எம். வகைக்கு மாறியபோது கருவித் தடை நீங்கியது. பாடத்தின் மொழி அதனால் தானே மாறிவிடவில்லை.

மாற்று வழிக்குக் கேரளம் சான்றாகும். 2001இல் அங்குத் தொடங்கப்பெற்ற 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், நாளடைவில் கட்டற்ற மென்பொருளைத் தழுவி, மலையாள இடைமுகத்தைப் பள்ளிகளுக்கு வழங்கியது. திருத்தி அமைக்கும் உரிமை கிடைத்தமையால், பட்டியற் சொற்களையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்பது இயல்வதாயிற்று. வகுப்பறைக் கருவியை ஆக்குவோருள் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரானார்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையிலும் தாய்மொழி வழிக் கல்வியைப் பரிந்துரைக்கிறது. நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கத்தையும் அறிமுகப்படுத்துகிறது. 1980களில் தனித்தனியே நடந்த இரு முயற்சிகளும் இங்கு ஒரே ஆவணத்தில் இடம்பெற்றுள்ளன. ஆயினும், நிரலாக்கப் பாடம் அச்சேறிய பின் கலைச்சொல் தேடப்படுமாயின் பழைய பிரிவு மீண்டும் நேரும். பாடத்திட்டம் வகுக்கப்படும் நாளிலேயே மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் அதில் இடம்பெற வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.