வாய் பேசாத நோயாளி

நன்கு பழகிய நாய் ஒன்று திடீரென்று வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது. அடிக்கடி முக்குகிறது, சில சொட்டுகளே விழுகின்றன. குறும்பு என்று எண்ணி அடிப்பவர்களும் உண்டு. உண்மையில் அதன் சிறுநீர்ப்பையில் அழற்சி கண்டிருக்கலாம். மனிதன் ‘எரிகிறது’ என்று சொல்லிவிடுவான். நாய் என்ன செய்யும்? அதற்காகச் சிறுநீரையே பேச வைக்க வேண்டியதாயிற்று. அந்த வரலாறு சுவையானது.

இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் ஏந்தி, நிறத்தையும் கலங்கலையும் பார்த்தே நோயைச் சொன்னார்கள். கலங்கலுக்குக் காரணம் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. 1860களில் லூயி பாஸ்டர், கொதிக்க வைத்த சிறுநீர் கிருமி புகாதவரை கெடுவதில்லை என்று காட்டினார். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாக்களைச் சாயமேற்றி இனம் பிரிக்கும் முறையைக் கண்டார். நுண்ணோக்கியின் அடியில் சீழணுக்களும் கிருமிகளும் கண்ணுக்குப் புலனாயின.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. சிறுநீர் வெளிவரும் வழியிலும் மயிரிலும் கிருமிகள் உண்டு. கண்ட கிருமி பையிலிருந்து வந்ததா, வழியில் ஒட்டிக்கொண்டதா? மனிதர்களுக்கு 1956இல் எட்வர்டு காஸ் ஓர் அளவுகோல் தந்தார்: ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமிகள் இருந்தால் அதைத் தொற்றாகக் கொள்ளலாம். நாய்க்கோ, வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திப் பையிலிருந்தே சிறுநீரை எடுப்பது சிறந்த வழியாயிற்று. மனிதருக்கென அமைந்த சோதனைத் தாள்களும் இங்கே முழுதும் உதவவில்லை. சீழணுக்களைக் காட்டும் பகுதி நாயின் சிறுநீரில் நம்பத்தக்கதன்று.

அழற்சிக்குக் கல்லும் காரணமாகலாம். 1895இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் கால்சியம் கலந்த கற்களைத் தெளிவாகக் காட்டின. யூரேட் கற்களோ பெரும்பாலும் தப்பிவிட்டன. அவற்றைப் பிடிக்க ஒலி வந்தது. 1880இல் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் செலுத்தினால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரில் பால் லாஞ்செவன் இதைக் கொண்டு நீர்மூழ்கிகளைத் தேடும் கருவியை அமைத்தார். பின்னாளில் அதே தத்துவம் மருத்துவமனைக்கு வந்தது. நீர் நிறைந்த பைக்குள் செல்லும் மீயொலி, கல்லில் பட்டு எதிரொலிக்கிறது. பையின் சுவர் தடித்திருப்பதையும் காட்டுகிறது. ஊசிக்கும் அதுவே வழிகாட்டி.

இவ்வளவு கருவிகள் வந்தபின் கதை தொடங்கிய இடத்திற்கே திரும்பியது. 2019இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், நோய்க்குறி இல்லாத நாயின் சிறுநீரில் கிருமி இருந்தாலும், பொதுவாக அதற்காக மட்டும் மருந்து தரவேண்டாம் என்கிறது. வீணாகத் தரும் மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். ஆகவே கிருமியைக் காண்பது மட்டும் நோயறிதல் ஆகாது. நாய் படும் அவதியையும் காணவேண்டும். அதை முதலில் காண்பவர் வளர்ப்பவரே. முக்கியும் சிறுநீர் வராவிட்டால் பாதை அடைபட்டிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அப்போது கையில் எடுக்கவேண்டியது கோலை அன்று. நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்.