மேசைக் கணினிக்கான உயர்செயல்திறன் நினைவகம்

மேசைக் கணினியின் மதர்போர்டில் செருகப்படும் ரேம் தகடுகளுள், தொழில்தர அமைப்பு வகுத்த அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் எனத் தயாரிப்பாளரே சோதித்து விற்பவை உயர்செயல்திறன் நினைவகம் எனப்படும். கணினி விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, பெரிய நிரல்களைத் தொகுத்தல் போன்ற வேலைகளுக்கு இவற்றை நாடுகிறார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘டிடிஆர்5 – 6000’ என்றிருக்கும். அதனருகே சிறிய எழுத்தில் ‘சிஎல்30’ என்றோ ‘சிஎல்40’ என்றோ இருக்கும். பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களே மிகுதி. ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள உறவும், அந்த உறவைத் தாங்கும் புராசசரும்தான்.

வேகமும் தாமதமும்

ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்ற எண்ணம் ஐபிஎம் நிறுவனப் பொறியாளர் ராபர்ட் டென்னார்டுக்கு 1966இல் தோன்றியது. 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய டிடிஆர்5 சில்லின் உள்ளேயும் இருப்பது அதே அமைப்புதான். மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரைப் போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே டிடிஆர்4இல் 64 மில்லிநொடிக்குள்ளும், டிடிஆர்5இல் 32 மில்லிநொடிக்குள்ளும் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். இதைவிட முக்கியமான இன்னொரு குணமும் அதற்கு உண்டு: படித்தாலே மின்னூட்டம் குலைந்துவிடும். ஒரு தரவைப் படிக்க, அது இருக்கும் வரிசை முழுவதையும் திறந்து, மிக மெல்லிய மின்மாற்றத்தை உணர்ந்து பெருக்கி, திரும்ப எழுதி, பிறகு வரிசையை மூட வேண்டும். இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். பெட்டியில் ‘30-38-38-96’ என அச்சிடப்படும் எண்கள், இந்தப் படிகளுக்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் தேவை என்பதைச் சொல்பவை. முதல் எண்தான் சிஎல்: திறந்திருக்கும் வரிசையிலிருந்து தரவைக் கேட்ட பின் அது வந்து சேரும்வரை ஆகும் துடிப்புகள்.

மதகைத் திறக்க ஆகும் நேரம் வேறு, திறந்த பின் வாய்க்காலில் ஓடும் நீரின் அளவு வேறு. வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் மதகு விரைவாகத் திறந்துவிடாது. நினைவகத்தின் வரலாறும் ஏறக்குறைய இதுதான். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் நானோ நொடியில் கிடைக்கும். முதல் தலைமுறை டிடிஆர்-400, சிஎல்2: 10 நானோ நொடி. டிடிஆர்2-800, சிஎல்4: அதே 10. டிடிஆர்3-1600, சிஎல்8: 10. டிடிஆர்4-3200, சிஎல்16: 10. டிடிஆர்5-6000, சிஎல்30: இன்றும் 10தான். ஐந்து தலைமுறைகளில் பரிமாற்ற வேகம் 15 மடங்கு உயர்ந்திருக்கிறது, காத்திருப்பு மட்டும் நகரவில்லை. சில்லுக்குள் வேலை செய்யும் மின்தேக்கிக்கும் நீண்ட கம்பிகளுக்கும் அவற்றின் இயற்பியல் விடுவதே அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பல பெட்டிகளின் உண்மை நிறம் தெரியும். டிடிஆர்5-4800, சிஎல்40 தகட்டுக்கு 16.7 நானோ நொடி ஆகிறது. நல்ல டிடிஆர்4 தகட்டைவிட இது மெதுவான பதில். டிடிஆர்5 சந்தைக்கு வந்த தொடக்கத்தில் அதை வாங்கிய பலர் விளையாட்டுகளில் முன்னேற்றம் காணாததற்கு இதுவும் ஒரு காரணம். 6000 வேகத்திலேயே சிஎல்40 என்றால் 13.3, சிஎல்36 என்றால் 12, சிஎல்30 என்றால் 10. விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் கடைசியானதை எடுப்பதே சரி. ஆனாலும் இதைப் பெரிதுபடுத்திவிடக் கூடாது. புராசசர் கேட்டது முதல் தரவு கிடைப்பது வரையிலான மொத்தப் பயணம் 60 முதல் 90 நானோ நொடி வரை ஆகும். அதில் சிஎல் ஒரு பகுதி மட்டுமே.

வாய்க்காலின் அகலத்தை, அதாவது நொடிக்குக் கடக்கும் தரவின் அளவைக் கணக்கிடுவது எளிது. புராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையான ஒரு சேனல், ஒரு பரிமாற்றத்தில் 8 பைட் கொண்டு செல்லும். 6000 என்பது நொடிக்கு 600 கோடி பரிமாற்றம். ஆக ஒரு சேனலுக்கு 48 ஜிகாபைட், இரட்டைச் சேனலுக்கு 96 ஜிகாபைட். கடிகாரம் ஓடுவது இதில் பாதி எண்ணிக்கையில், அதாவது 3000 மெகாஹெர்ட்ஸில். கடைகளில் ‘6000 மெகாஹெர்ட்ஸ்’ என்று சொல்வது பழக்கமாகிவிட்ட பிழை.

முதலில் கொள்ளளவு

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், கொள்ளளவு போதாத கணினியில் வேகமான ரேம் பயன் தராது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நினைவகம் நிரம்பினால் கணினி எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும். அங்கிருந்து ஒரு தரவு வந்து சேரப் பல பத்து மைக்ரோ நொடிகள் ஆகும், நினைவகத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சிஎல்30க்கும் சிஎல்36க்கும் உள்ள வேறுபாடு இதன் முன் ஒன்றுமில்லை. விளையாட்டுக்கும் பொது வேலைக்கும் 32 ஜிகாபைட், கனமான காணொளி வேலைக்கு 64 ஜிகாபைட் என்பது நியாயமான அளவு. 2023 முதல் 24, 48 ஜிகாபைட் தகடுகளும் கிடைப்பதால் 48, 96 என்ற இடைப்பட்ட அளவுகளும் உண்டு. 8 ஜிகாபைட் டிடிஆர்5 தகடுகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் அகலமான சில்லுகள் நான்கு மட்டுமே இருக்கும். அவற்றுக்குள் தனித்தனியே வேலை செய்யும் நினைவகப் பகுதிகளின் (வங்கிக் குழுக்களின்) எண்ணிக்கை பாதி என்பதால், அச்சிட்ட வேகம் ஒன்றாக இருந்தாலும் செயல்திறன் குறையும்.

புராசசர் தாங்கும் எல்லை

நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது புராசசருக்குள்ளேயே இருக்கிறது. எனவே எந்த வேகம் பயன்படும் என்பதைத் தகடு மட்டும் முடிவு செய்வதில்லை. 2022 செப்டம்பரில் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையை வெளியிட்டபோது, 6000 வேகத்தையே உகந்த புள்ளியாகக் குறிப்பிட்டது. அந்த வேகத்தில் நினைவகமும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒரே துடிப்பில் ஓடும். ஏறத்தாழ 6400ஐத் தாண்டினால் பெரும்பாலான ரைசன் புராசசர்களில் கட்டுப்பாட்டுப் பகுதி பாதித் துடிப்புக்கு இறங்கிவிடும். அதனால் கூடும் தாமதத்தை ஈடுகட்ட 8000 போன்ற வேகம் வேண்டியிருக்கும். தவிர, கோர்கள் அமைந்த சில்லு ஒன்றே கொண்ட ரைசனில், அதை நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியோடு சேர்க்கும் உள் இணைப்பு 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது, படிப்பதற்கான எல்லை நொடிக்கு 64 ஜிகாபைட். 96 ஜிகாபைட் வாய்க்கால் வெட்டியும் கண்மாய்க்குள் நுழையும் வாய் அவ்வளவுதான். இன்டெல் தரப்பில் நிலைமை வேறு. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை, தகட்டிலேயே கடிகாரச் சமிக்ஞையைச் சீராக்கும் சிறு சில்லு பொருத்திய ‘சியுடிம்’ வகையை ஏற்று 8000க்கும் மேலான வேகங்களை எட்டியது. எல்லா மதர்போர்டும் இதற்கு இடம் தருவதில்லை. இன்டெலின் எச்610 சிப்செட் கொண்ட போர்டில் நினைவகத்தை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்ட வழியில்லை.

3டி வி-கேச் எனும் பெரிய உள் கேச் கொண்ட ரைசன் புராசசர் வைத்திருப்பவர்கள் விலையுயர்ந்த ரேமுக்குச் செலவிடுவதைவிடக் கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செலவிடலாம். அந்தப் பெரிய கேச், நினைவகத்தை அடிக்கடி தேடிப் போகும் தேவையையே குறைத்துவிடுகிறது. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் புராசசரின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு நேர்மாறு. படம் வரையும் பகுதியும் அதே ரேமைப் பகிர்ந்துகொள்வதால் அவருக்கு ஒவ்வொரு ஜிகாபைட் அகலமும் உதவும்.

இரண்டு தகடுகள், சரியான துளைகள்

நான்கு துளைகள் இருந்தாலும் இரண்டு தகடுகளோடு நிற்பதே டிடிஆர்5 காலத்தின் நடைமுறை. நான்கையும் நிரப்பினால் சமிக்ஞை குலையும். ரைசன் 7000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் தரும் வேகம் இரண்டு தகடுகளுக்கு 5200, நான்குக்கு 3600. ‘இப்போது இரண்டு, பிறகு இரண்டு’ என்ற பழைய திட்டம் இங்கே கைகொடுக்காது. வேண்டிய கொள்ளளவை முதலிலேயே ஒரே பெட்டியில், இணையாகச் சோதித்து விற்கப்படும் இரண்டு தகடுகளாக வாங்க வேண்டும். வழக்கமான நான்கு துளைப் போர்டில் புராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் அவற்றைச் செருக வேண்டும். அருகருகே செருகினால் பெரும்பாலான போர்டுகளில் இரட்டைச் சேனல் கிடைக்காது, அகலம் பாதியாகும்.

ஒரே பெயர், ஒரே வேகம் என்பதால் தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டிகள் ஒத்துப்போகும் எனச் சொல்ல முடியாது. உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். கோர்சேர், ஜி.ஸ்கில், கிங்ஸ்டன் போன்றவை அவற்றிடம் சில்லு வாங்கித் தகடாக்குகின்றன. அதே பெட்டிக்குள் ஓராண்டு ஒரு நிறுவனத்தின் சில்லும் மறு ஆண்டு வேறொன்றும் வரலாம். டிடிஆர்4 காலத்தில் சாம்சங்கின் ‘பி-டை’ சில்லும், டிடிஆர்5இல் ஹைனிக்ஸின் ‘ஏ-டை’ சில்லும் நேர்த்திக்குப் பெயர் பெற்றவை. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள சோதித்த ரேம்களின் பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் வாங்கக் கூடாது.

பயாஸில் இயக்குதல்

பலரும் அறியாத செய்தி: 6000 தகட்டைச் செருகினால் மட்டும் அது 6000இல் ஓடாது. முதலில் தொழில்தர அடிப்படை வேகத்தில், பெரும்பாலும் 4800இல்தான் எழும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், இன்டெல் 2007இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி என்ற முன்னமைப்பையோ ஏஎம்டியின் எக்ஸ்போவையோ தேர்வு செய்தால்தான் அச்சிட்ட வேகம் கிடைக்கும். இதை ஒருமுறையும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பாதிப் பயனோடு ஓடும் கணினிகளைக் கண்டிருக்கிறேன். வாங்கியவரின் பணத்தை நினைத்தால் வருத்தமே மிஞ்சும். முதல்முறை இயக்கும்போது போர்டு நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கருப்பாகவே நிற்கலாம். பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

இந்த அமைப்புகள் ஓவர்கிளாக்கிங் என்றே கருதப்படும். டிடிஆர்5இன் இயல்பு மின்னழுத்தம் 1.1 வோல்ட், வேகமான தகடுகள் 1.35 முதல் 1.4 வோல்ட் வரை கேட்கும். 2023இல் சில ரைசன் 7000 புராசசர்கள் கருகிய செய்தி வந்தபின், எக்ஸ்போவை இயக்கும்போது சில போர்டுகள் புராசசருக்குக் கொடுத்த உள் மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ் புதுப்பிப்புகள் வெளியாயின. பழைய பயாஸோடு எக்ஸ்போவைத் தொட வேண்டாம்.

இயக்கிய பின் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளை ஓர் இரவு முழுதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது தகட்டை மாற்ற வேண்டும். நினைவகப் பிழை எப்போதும் நீலத் திரையாக வெளிப்படாது. சேமித்த புகைப்படத்தையோ கணக்கு ஏட்டையோ சத்தமின்றிச் சிதைத்துவிட்டுப் போகும். டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே உள்ள பிழைதிருத்தம் சில்லுக்குள் நேரும் தவறுகளுக்கு மட்டுமே. புராசசர் வரையிலான பாதையைக் காக்கும் முழுமையான பிழைதிருத்தமான இசிசிக்கு அது ஈடாகாது. வெப்பம் கூடக்கூட மின்னூட்டக் கசிவும் கூடும், 85 பாகை செல்சியஸைத் தாண்டினால் புதுப்பித்தலை இரட்டிப்பாக்க வேண்டும். மார்கழியில் தேறிய தகடு, குளிரூட்டி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் தவறலாம். ஆகவே தகட்டில் ஒளிரும் விளக்கைவிடக் காற்றோட்டத்தையே கவனிக்க வேண்டும். தகட்டின் உயரமான உலோக உறை, பெரிய காற்றுக் குளிர்விப்பானில் முட்டுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

விலை

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சில்லுகளை வாங்கிக் குவித்ததால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த நுகர்வோர் விற்பனையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இத்தகைய காலத்தில், ஓடிக்கொண்டிருக்கும் டிடிஆர்4 கணினியில் ஒற்றைத் தகடு மட்டும் இருந்தால், அதை விற்றுவிட்டு ஒரே பெட்டியில் வரும் இரண்டு டிடிஆர்4 தகடுகளைப் போடுவது புதிய போர்டு வாங்குவதைவிடச் செலவு குறைந்த வழி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் தலைமுறை எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் ஊசிகள் 288தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் துளையில் மற்றது இறங்காது.