வருணன் (தமிழ் மரபு)

வருணன் தமிழ் இலக்கண மரபில் நெய்தல் நிலத்திற்கு உரிய தெய்வம் ஆவான். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்படும். வடமொழி மரபில் இவன் மேற்குத் திசையின் காவலன். மகரத்தை ஊர்தியாகவும் பாசத்தைப் படைக்கலமாகவும் உடையவன். கடற்கரையே இல்லாத தென்காசி, குற்றாலம் பகுதியிலும் இக்கடல் தெய்வத்தின் தொடர்பு அகத்தியர் கதை வழியாகக் காணப்படுகிறது.

தொல்காப்பியத்தில்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல், காட்டு நிலத்தை மாயோனுக்கும், மலை நிலத்தை சேயோனுக்கும், வயல் நிலத்தை வேந்தனுக்கும், பெருமணல் பரந்த கடற்கரையை வருணனுக்கும் உரியதாகக் கூறுகிறது. மாயோன், சேயோன் ஆகியன தமிழ்ப் பெயர்களாக இருக்க, வருணன் மட்டும் வேதத்தில் வழங்கும் பெயராக இருப்பது அறிஞரிடையே விவாதத்திற்கு உரியதாயிற்று. வேத வருணன் தொடக்கத்தில் கடலுக்கு மட்டும் உரியவன் அல்லன். அவன் உலக ஒழுங்கைக் காப்பவன். கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்தானி அரசின் உடன்படிக்கை ஒன்றிலும் மித்திரனோடு அவன் பெயர் இடம்பெற்றுள்ளது. இதற்கு மாறாக, தேவநேயப் பாவாணர் நெய்தல் தெய்வத்தின் பெயரைக் கடலைக் குறிக்கும் வாரணம் என்னும் சொல்லோடு தொடர்புபடுத்தி, அதனைத் தமிழ்ப் பெயராகவே கொண்டார். சொல்லின் பிறப்பு எதுவாயினும், கடலோர மக்கள் தமக்கெனக் கடல் தெய்வம் ஒன்றை வணங்கி வந்தனர் என்பதற்குச் சங்க இலக்கியம் தனிச் சான்று தருகிறது.

பரதவர் வழிபாடு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரின் வழிபாடு சொல்லப்படுகிறது. முழுநிலா நாளில் அவர்கள் மீன்பிடிக்கக் கடலுக்குள் செல்வதில்லை. சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் உறையும் வலிய தெய்வத்தைத் தொழுகின்றனர்; தாழை மலர் சூடி, பனங்கள் உண்டு மகிழ்கின்றனர். அத்தெய்வத்தின் பெயரைப் புலவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. இலக்கண நூலின் வருணனும் மணலில் நட்ட சுறாக்கொம்பும் ஒன்றே என்று துணிவது எளிதன்று.

பாண்டியரும் கடலும்

புறநானூற்றின் 9ஆம் பாடலில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் முன்னோனாகிய நெடியோன் என்பவன் கடலுக்கு விழா எடுத்ததைக் குறிப்பிடுகிறார். அதனைக் கடல் தெய்வத்திற்கு எடுத்த விழா எனப் பழைய உரை விளக்குகிறது.

பிற்காலப் புராணத்திலோ நிலைமை தலைகீழாக மாறுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வருணன் மதுரையை அழிக்க வருபவன். உக்கிர பாண்டியன் வேலெறிந்து கடலை வற்றச் செய்கிறான். மற்றொரு படலத்தில் வருணன் விட்ட கடலைச் சிவபெருமான் ஏவிய நான்கு மேகங்கள் பருகிவிடுகின்றன. அதன் பின்னர் அவன் ஏழு மேகங்களை அனுப்ப, அந்நான்கு மேகங்களும் மாடங்களாகி நகரைக் காத்தமையால் மதுரைக்கு நான்மாடக்கூடல் என்ற பெயர் வந்தது என்பர். கம்பராமாயணத்தில் இராமன் வழிவேண்டிக் கிடந்து, பின் அம்பு தொடுத்த பிறகே வருணன் வெளிப்படுகிறான். விழாப் பெற்ற தெய்வம் பணிய வைக்கப்பட்ட தெய்வமாக ஆயிற்று.

குற்றாலமும் அகத்தியரும்

அகத்தியர் மித்திரன், வருணன் ஆகிய இருவரின் மகனாகக் குடத்தில் தோன்றியவர் என்பது புராண மரபு. அவரே பின்னர்க் கடல் நீரைக் குடித்தவராகவும் கூறப்படுகிறார். கடலரசனின் மகன் கடலைக் குடித்த இக்கதை வேடிக்கையானதே. குற்றாலத் தலபுராணத்தின்படி, அங்கு திருமாலாக இருந்த திருமேனியை அகத்தியர் சிவலிங்கமாக மாற்றினார். குற்றாலநாதர் கோயிலுக்கும் பொதிகை மலைக்கும் அகத்தியரோடு உள்ள தொடர்பு இன்றும் பேசப்படுகிறது.

நீரின் வழியை நோக்கினும் இவ்வூர் கடலோடு இணைந்ததே. சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, வருணனின் திசையாகிய மேற்கிலிருந்து அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் பொழிவதாலேயே அருவிகளில் நீர் பெருகுகிறது. அந்நீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலந்து, மன்னார் வளைகுடாவை அடைகிறது. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை அவ்வாற்றின் முகத்துவாரப் பகுதியிலேயே இருந்தது.

இக்காலத்தில்

இன்று பெரும்பாலான தமிழர் வருணனைக் கடலரசனாக அன்றி மழைக் கடவுளாகவே அறிவர். வறட்சிக் காலத்தில் கோயில்களில் வருண ஜெபம் நடைபெறும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் மழை வேண்டி யாகங்கள் நடத்துமாறு தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கடற்கரைகளில் மாசிமகத்தன்று தெய்வங்கள் கடலாட வரும்போதும் அவை சிவன், திருமால், அம்மன் ஆகிய தெய்வங்களே. இந்தியக் கடற்படையின் குறிக்கோளுரை மட்டும் வருணனின் அருளை வேண்டுவதாக உள்ளது. அதனைப் பரிந்துரைத்தவர் இராஜாஜி.

பிற நாட்டு ஒப்புமை

அயர்லாந்தின் கெல்டியத் தொன்மங்களில் மனனான் மக் லிர் என்னும் கடல் தெய்வம் உண்டு. 'லிர்' என்பது கடலைக் குறிக்கும். மான் தீவின் முதல் அரசனாகவும், பகைவர் வரும்போது அத்தீவை மூடுபனியால் மறைப்பவனாகவும் அவன் கருதப்பட்டான். அத்தீவினர் நடுக்கோடை நாளில் அவனுக்குக் கோரைப்புல்லை வரியாகச் செலுத்தினர் என்பது மரபு. ஆண்டுதோறும் சூலையில் அங்கு நடைபெறும் டின்வால்டு நாள் ஊர்வலப் பாதையில் இப்போதும் கோரைப்புல் பரப்பப்படுகிறது.