வகுப்புவாரிப் படைக்கலக் கட்டுப்பாடு

வகுப்புவாரிப் படைக்கலக் கட்டுப்பாடு என்பது ஒருவர் சார்ந்துள்ள பிரிவு, பதவி அல்லது தொழிலைக் கொண்டு அவர் எந்தப் படைக்கலத்தை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக் கூடாது என வரையறுக்கும் விதியாகும். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் இது ஓர் ஆட்ட விதி. வரலாற்றில் இது அரசாணையாகவும் சட்டமாகவும் இருந்துள்ளது. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, எட்டயபுரம், மணியாச்சி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரம் இத்தகைய கட்டுப்பாட்டின் விளைவுகளை 18 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நேரடியாகக் கண்ட பகுதியாகும்.

விளையாட்டு விதிகளில்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு கதைமாந்தரும் ஒரு வகுப்பைச் சேர்ந்தவர். போர்வீரர் எல்லாப் படைக்கலங்களையும் கையாளலாம். மந்திரவாதிக்குக் குத்துவாள் மட்டுமே உண்டு. சமயகுரு வெட்டும் கருவிகளைத் தொடக் கூடாது. தண்டாயுதம் போன்றவற்றையே ஏந்தலாம். ஒரே கதைமாந்தர் எல்லாவற்றிலும் வல்லவராகிவிடாமல், ஆடுவோர் ஒருவரையொருவர் சார்ந்து இயங்க வேண்டும் என்பதே இவ்விதியின் பயன். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பில் முழுத்தடை பெரும்பாலும் கைவிடப்பட்டது. பயிற்சியில்லாத படைக்கலத்தையும் ஏந்தலாம், ஆனால் தாக்குதலில் மதிப்பெண் குறையும் என விதி மாற்றப்பட்டது.

விளையாட்டில் வகுப்பு முதலில் அமைகிறது. படைக்கலம் அதைத் தொடர்ந்து வருகிறது. வரலாற்றிலோ படைக்கலம் பறிக்கப்பட்டதால் வகுப்பே மாறியதும் உண்டு. ஜப்பானில் 1588 இல் டொயோட்டோமி ஹிதேயோஷி உழவர்களிடமிருந்து வாள்களைப் பறித்த ஆணை, உழவரையும் சாமுராய்களையும் தனித்தனிப் பிரிவினராக்கியது. திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

பாளையக்காரர்களும் படைக்கலமும்

நாயக்கர் ஆட்சியில் ஏற்பட்ட பாளைய முறையில் பாளையக்காரர் வரி திரட்டினார், காவல் பணியை நடத்தினார், வேண்டும்போது அரசருக்குப் படை அனுப்பினார். வேல், ஈட்டி, வாள், வளரி, திரித்துப்பாக்கி ஆகியவை பாளையப் படைகளிலும் ஊர்க்காவலிலும் வழக்கத்தில் இருந்தன. படை வைத்திருக்கும் உரிமையே பாளையக்காரரின் தகுதிக்கு அடிப்படையாகும்.

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மன் அக்டோபர் 16, 1799 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் மேஜர் பானர்மேன், கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருப்போருக்கு மரண தண்டனை என அறிவிக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்கள் எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை ஆகிய பாளையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

பிப்ரவரி 1801 இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அக்கோட்டை மே 24 அன்று வீழ்ந்தது. டிசம்பர் 1, 1801 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் படைக்கலப் பயன்பாட்டைத் தடை செய்தது. பின்னர் நிலையான நிலவரித் திட்டத்தின் கீழ் எஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆயினர். கம்பெனிக்கு உதவிய பாளையங்களும் தம் படைகளை இழந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

பரம்பரையாகக் காவல் தொழில் செய்தோர் நிலை இதனினும் கடினமானது. ஜமீன்தாருக்கு நிலம் எஞ்சியது. காவல்காரருக்கு அதுவும் இல்லை. 1911 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் பொருந்தியது. முன்னர் காவலுக்கும் போருக்கும் படைக்கலம் ஏந்திய சில சமூகத்தவர் இதன்கீழ்க் கண்காணிக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது.

1878 ஆம் ஆண்டுச் சட்டம்

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878 ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம், உரிமம் இன்றிப் படைக்கலம் ஏந்துவதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கும் பட்டம் பெற்ற சில இந்தியப் பிரமுகர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே துப்பாக்கி ஐரோப்பியர் கையில் உடைமையாகவும், உரிமம் இல்லாத இந்தியர் கையில் குற்றமாகவும் கருதப்பட்டது. 1887 இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு இச்சட்டத்தைத் திருத்தக் கோரியது. இன அடிப்படையிலான விலக்கு 1920 ஆம் ஆண்டு விதிகளால் கைவிடப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இச்சட்டம் செல்லாது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் அங்கு வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி தொடர்வண்டிச் சந்திப்பில், முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷை அவர் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். பின் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர்விட்டார். அந்நிலையம் தற்போது வாஞ்சி மணியாச்சி என அழைக்கப்படுகிறது.

தற்கால நிலை

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. பயிர்ப் பாதுகாப்பிற்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்க உழவர் உரிமம் கோரலாம். தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையங்களில் ஒப்படைக்குமாறு பணிப்பது வழக்கம்.

பிரிவு சார்ந்த விலக்குகள் சில இன்றும் தொடர்கின்றன:

* சீக்கியர் கிர்பான் அணிவதும் ஏந்திச் செல்வதும் அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்பின் விளக்கத்தில் சமய உரிமையின் பகுதியாக ஏற்கப்பட்டுள்ளது.
* கருநாடகத்தின் குடகுப் பகுதியைச் சேர்ந்த கொடவர்களும் ஜம்மா நில உரிமையாளர்களும் சில வகைத் துப்பாக்கிகளை உரிமம் இன்றி வைத்திருக்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இவ்விலக்கு 2019 இல் மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

ஆங்கிலேயர் கொடவர்களை நம்பத்தக்க போர்க்குடியினராகக் கருதினர். கரிசல் வட்டாரத்தின் பாளையப் படையினரைக் கிளர்ச்சியாளராகக் கருதினர். முன்னவருக்குக் கிடைத்த விலக்கும் பின்னவருக்கு விதித்த தடையும் இந்த மதிப்பீட்டையே பின்பற்றின.

இவற்றையும் பார்க்க

* பாளையக்காரர்
* ஊமைத்துரை
* வாஞ்சிநாதன்
* வளரி