துப்புக் கூலியும் போலீஸ் கணக்கும்

பொட்டி தட்டுற நமக்கெல்லாம் வருஷம் ஒரு தடவை அப்ரைசல் வரும். போன வருஷம் எத்தனை ஆணி புடுங்கினோம், அடுத்த வருஷம் எதைப் புடுங்கப் போறோம்னு படிவம் நிரப்பணும். தமிழ்நாடு காவல்துறையும் இதைச் செய்யுது. சட்டசபையில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பாங்க. எத்தனை கொலை, எத்தனை கொள்ளை, களவு போன சொத்து எவ்வளவு, மீட்டது எவ்வளவு, புது ஸ்டேஷன், புது வண்டி, சைபர் கிரைம்னு நீளமா போகும்.

இதில் "களவு போனது - மீட்டது" என்கிற வரி வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சென்னை மாகாணப் போலீஸ் நிர்வாக அறிக்கைகளிலேயே உண்டு. எங்க திண்டுக்கல் பக்கம் அந்த வரிக்குள்ள அடங்காத ஒரு கதை இருக்கு. பூட்டுக்குப் பேர் போன ஊர்ல திருட்டைப் பத்திப் பேசாம வேற எதைப் பேசுறது :-)

1792-ல் திப்பு சுல்தானோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. கம்பெனிக்கு முதல் கவலை வரி. 1816-ஆம் வருஷ ரெகுலேஷன்படி தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். அதாவது வரி வசூல் பண்றவரும் அவரே, புகார் கேட்கிறவரும் அவரே. வரி கட்டாதவனைக் குனிய வச்சுக் கயித்தால கட்டி வெயில்ல நிறுத்துறது, கிட்டி போட்டு விரலை நசுக்குறது எல்லாம் மாகாணம் முழுக்க நடந்ததை 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷனே எழுதி வச்சது. அதுக்கப்புறம்தான் 1859-ல் மெட்ராஸ் போலீஸ் சட்டம், தனிப் போலீஸ், ஜில்லாவுக்கு ஒரு சூப்பரிண்டெண்ட். நாம இன்னிக்குப் பாக்குற அமைப்போட அஸ்திவாரம் அதுதான்.

ஆனா கிராமத்துல மாடு காணாமப் போனா யாரும் ஸ்டேஷனுக்கு ஓடலை. ஊருக்கு ஒரு காவல்காரர் இருப்பார், மதுரைச் சீமையில் பெரும்பாலும் கள்ளர் சமூகத்துக்காரர். வருஷா வருஷம் அவருக்குக் காவல் கூலி தரணும். களவு போனா கண்டுபிடிச்சுக் கொடுக்குறதோ, ஈடு கட்டுறதோ அவர் பொறுப்பு. ஒரு விதத்துல இன்சூரன்ஸ்னு வச்சுக்கங்களேன். கூலி தராத வீட்டு மாடு காணாமப் போகும்கிறதும் இதே இன்சூரன்ஸோட மறுபக்கம். அப்போ ஆள் வச்சுப் பேசி "துப்புக் கூலி" கொடுக்கணும். கொடுத்தா, மாடு சொன்ன இடத்துல கட்டிக் கிடக்கும். 1906-ல் வந்த டபிள்யூ. பிரான்சிஸோட மதுரை ஜில்லா கெஜட்டியரில் இந்தத் துப்புக் கூலி பத்தி எழுதியிருக்கார்.

போலீஸ் கணக்குல இது எங்க வரும்? எங்கயும் வராது. மாடு திரும்பிடுச்சு, புகார் இல்லை, வழக்கு இல்லை. காகிதத்துல அந்தக் கிராமம் படு அமைதி.

அந்த அமைதி 1896-ல் திண்டுக்கல் தாலுகாவுல வெடிச்சது. அம்மையப்பக் கோன் என்கிற இடையர் ஊர் ஊராப் போய், காவல் கூலியை நிறுத்துங்க, நமக்கு நாமே காவல் வச்சுக்குவோம்னு ஆள் சேர்த்தார். களவு போன மாட்டுக்கு ஈடு கொடுக்கப் பொது நிதி திரட்டினாங்க. ஆங்கில "ஃபண்ட்" ஊர் வாயில "பண்டு" ஆகி, கலகத்துக்கே அதுதான் பேர். பழனி, பெரியகுளம் பக்கமும் பரவிச்சு. காவல் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன்ன கள்ளர் குடும்பங்களோட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஊரை விட்டே துரத்தினாங்க. இதைக் "குடியானவன் எழுச்சி"ன்னு மட்டும் எழுதிட்டுப் போறவங்க இந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சிடுறாங்க. வீடு எரிஞ்சவனும் குடிமகன்தானே?

அரசாங்கம் இதுல இருந்து கத்துக்கிட்ட பாடம்தான் கொடுமை. ஸ்டேஷன் மேல ஏன் நம்பிக்கை இல்லைன்னு யோசிக்கிறதை விட, ஒரு சமூகத்தையே பேரேட்டுல ஏத்துறது சுலபமாத் தெரிஞ்சது. 1911-ஆம் வருஷக் குற்றப் பரம்பரைச் சட்டத்துல பிறமலைக் கள்ளர்கள் கொண்டுவரப்பட்டாங்க. கைரேகை, ராத்திரி ஆஜர், வெளியூர் போக ராதாரிச் சீட்டு. எதிர்த்து நின்ன பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு, 16 பேர் சாவு. சென்னை மாகாணத்துல இந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிஞ்சது. அந்தக் காலத்துல ஆரம்பிச்ச கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல பாக்கலாம்.

இத்தனைக்கும், எண்ணிக்கையை வச்சு அதிகாரியை எடை போட்டா கீழே புகாரை அமுக்குவாங்கன்னு 1902-03 ஃப்ரேசர் போலீஸ் கமிஷன் காலத்துலேயே பேசியாச்சு. நம்ம டீம்ல "பக் எண்ணிக்கையைக் குறைங்க"ன்னு மேனேஜர் சொன்னா, டெஸ்டர் பக்கை எழுதாம வாய்ல சொல்லிட்டுப் போவான்ல, அதே கதை. வழக்கு குறைஞ்ச வருஷம் நல்ல வருஷமா, இல்லை வாசல்லயே திருப்பி அனுப்பின வருஷமா? எண்ணைப் பாத்துச் சொல்ல முடியாது.

கைது செய்யத்தக்க குற்றம்னு தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா நம்ம ஊர்ல சி.எஸ்.ஆர்.னு ஒரு ரசீது இருக்கே! புகார் கொடுத்ததுக்குச் சீட்டு, ஆனா வழக்கு இல்லை. கையில வச்சுக்கிட்டு அலைஞ்சவங்களுக்குத் தெரியும். நகை தொலைச்சவன், பைக் தொலைச்சவன் பாதிப் பேர் இதோட வீட்டுக்குப் போயிடுறான்னு நான் சந்தேகப்படுறேன்.

வருங்கால முன்னுரிமைல சைபர் கிரைம் முன்னாடி நிக்குது, நிக்க வேண்டியதுதான். மாட்டுக்குப் பதில் இப்போ வங்கிக் கணக்கு. 1930-க்கு உடனே போன் அடிச்சா, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெக்கப்பட்டு ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னா போச்சு. பணத்தை மீட்டுத் தர்றேன்னு திரும்பக் காசு கேக்குற ஆசாமிகளும் கிளம்பியாச்சு. நவீனத் துப்புக் கூலி!

குறிப்பைப் புரட்டும்போது நான் முதல்ல தேடுறது மீட்ட சொத்து எத்தனை சதவீதம்னு இல்லை. ஒவ்வொரு மாவட்டத்துலயும் அந்த வருஷம் எத்தனை சி.எஸ்.ஆர்., அதுல எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆச்சு? திண்டுக்கல்லுக்கு அந்த ரெண்டு எண்ணும் கிடைச்சா போதும், மிச்சத்தை நானே எக்செல்ல போட்டுக்குவேன்.