சாவி யாரிடம்?

தொழிலாளியின் பெயர் எம்.எக்ஸ். அவர் கேஸ் போட்ட கம்பெனியின் பெயர் இசட்.ஒய். சினிமாக் கதை இல்லை. மும்பை உயர்நீதிமன்றத் தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது.

எம்.எக்ஸ். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தினக்கூலி. வேலை நிரந்தரமாகப் போகிற நேரம். மெடிக்கல் செக்கப் என்றார்கள், போனார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. பாசிட்டிவ். வேலை செய்யும் தெம்பு உடம்பில் இருந்தது. அப்படியும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1997 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு வேலையை மறுக்க முடியாது. இவரால் அந்த வேலையைச் செய்ய முடிகிறதா, கூட இருப்பவர்களுக்கு இவரால் பெரிய ஆபத்து உண்டா என்று பாருங்கள். இழந்த வருமானத்துக்கு 40,000 ரூபாய் கொடுங்கள். பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் கோர்ட் அனுமதித்தது. பெயர் வெளியே வந்தால் ஜெயித்தும் தோற்றவராகிவிடுவாரே!

இந்தக் கேஸைக் கீழ்பென்னாத்தூரில் ஒரு நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிற ஊர். பல வருடம் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் நர்ஸாக இருந்துவிட்டு, ரிடையராகிச் சொந்த ஊருக்கு வந்திருந்தார். நான் தீர்ப்பைச் சிலாகித்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது வேறு.

"அதெல்லாம் சரி தம்பி. அந்த ரிப்போர்ட் மேனேஜர் மேஜைக்கு எப்படிப் போச்சு?"

அங்கேதான் இருக்கிறது விஷயம்.

தொழிற்சாலை நர்ஸ் என்கிற உத்தியோகத்துக்கு வயது சுமார் 150. 1878-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில், கோல்மன் கடுகுக் கம்பெனி ஃபிலிப்பா ஃபிளவர்டே என்ற பெண்ணை வேலைக்கு வைத்தது. காலையில் டாக்டருக்கு உதவி. மத்தியானம், லீவில் இருக்கும் தொழிலாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. நம் ஊரில், 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் தனியாக மருத்துவ அறையும் அதற்கு ஆட்களும் வேண்டும் என்றது. பி.காமில் இதை நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் ஒரு பீரோ இருக்கும், அதற்கு ஒரு சாவி இருக்கும் என்று எந்த கைடிலும் போட்டிருக்கவில்லை.

சிக்கல் இதுதான். நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி. அவர் காக்க வேண்டியது தொழிலாளியின் ரகசியம்.

சாதாரணக் காய்ச்சல், வயிற்றுவலி வரை இது பெரிய பிரச்னையாக இல்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு நாடே நடுங்கியது. 1989-ல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்யப் போக, எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போய் ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் அடைத்தது. 64 நாள். என்ன குற்றம்? ரத்தத்தில் இருந்த ஒரு கிருமி. அது ஒரு காகிதத்திலிருந்து அடுத்தவர் கைக்குப் போனதுதான் வினை.

தொழில்சார் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பு 1992-ல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது, ஆள் வேலைக்குத் தகுதியா இல்லையா, எந்த வேலை கொடுக்கக்கூடாது என்பது மட்டும். வியாதியின் பெயர் அங்கே போகக்கூடாது. நம் ஊரில் இதற்கென்று தனிச்சட்டம் வர 2017 ஆனது. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக்கூடாது. சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் சொல்லக்கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அதிகாரி இருக்க வேண்டும்.

"கூட வேலை செய்யறவங்களுக்கு ஆபத்தில்லையாம்மா?" என்றேன்.

"ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. ஒரே பாத்ரூம் போனா வராது. கையில அடிபட்டு யாரு வந்தாலும் கிளவுஸ் போட்டுத்தான் தொடுவேன். எல்லாருக்கும் ஒரே கிளவுஸ் சட்டம். அப்புறம் யாருக்கு என்னான்னு ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?"

2004 ஏப்ரலிலிருந்து அரசாங்கமே ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லோரையும் போல நீண்ட நாள் வாழலாம், வேலை பார்க்கலாம். மாத்திரை வாங்கப் போகிற நாளில் ஷிஃப்டை மாற்றிக்கொடுக்கச் சொல்வதுதான் நர்ஸ் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். காரணம் சொல்லாமல் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஓர் அதிகாரி வந்து, அடிக்கடி லீவு போடும் ஓர் ஆளின் ஃபைலைக் கேட்டாராம். "வேலைக்கு ஃபிட்டு சார். எனக்குச் சொல்ல உரிமை இருக்கறது அவ்வளவுதான்" என்று சொல்லி, பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாராம். அந்த வருஷம் இன்கிரிமென்ட் வரவில்லை. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கிளம்பும்போது ஆர்வம் தாங்காமல் கேட்டேன். "அந்த ஆளுக்கு எச்.ஐ.வி.தானேம்மா?"

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஆளு?"